கிரீம் எடுக்கும் முன்னால் அம்மாவுக்கு ஒரு போன்: குமரி மாவட்ட மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடை நடத்துகிற அண்ணன்மாருக்கும், கவுன்டரில் நிற்கிற தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். நான் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டிலும் அப்புறம் பச்சிளம் குழந்தைகள் பிரிவிலும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், தக்கலைப் பக்கம்தான் வீடு. இதை கலெக்டருக்கு எழுதியிருக்கலாம், சுகாதாரத் துறைக்கு எழுதியிருக்கலாம். உங்களுக்கு எழுதக் காரணம், நம்ம மாவட்டத்தில் பிறந்து பத்து நாளான பிள்ளையின் உடம்பில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் முதலில் பார்ப்பது வீட்டுப் பெரியவர்கள், அடுத்தது நீங்கள். டாக்டர் மூன்றாவதுதான். ராத்திரி ஒன்பது மணியாகிவிட்டால் பல வீடுகளில் அந்த மூன்றாவது ஆள் மறுநாளைக்குத் தள்ளிப்போய்விடுகிறார்.

அதிலும் பிள்ளை உங்கள் கடைக்கு வருவதில்லை. பேறுகாலம் கழிந்து நாற்பது நாள் தாயும் வெளியே இறங்க மாட்டாள். அப்பா கல்ஃபில் இருப்பார், தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் என்றால் ஆழ்கடலுக்குப் போயிருப்பார். ஆக கடைக்கு வருவது தாய்மாமனோ தாத்தாவோ, பக்கத்து வீட்டுப் பையனோ. கையில் போன், போனில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு போட்டோ. "பிள்ளைக்கு மேலெல்லாம் தடிச்சிருக்கு, ஒரு ஆயின்மென்ட் தாங்க." நீங்களும் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, அலமாரியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து வைக்கிறீர்கள். கூட்டம் நிற்கும் நேரத்தில் அது எவ்வளவு இயல்பாக நடக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் சண்டைக்கு வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ட்யூபை எடுக்கும் முன்னால், வந்தவரிடம் சொல்லி பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். போட்டோவில் தோல் மட்டும்தான் தெரியும். அவசரமா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டிய விஷயங்களில் முக்கால்வாசி பிள்ளையின் பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்குத்தான் தெரியும்.

முதலில் நிம்மதியான பகுதியைச் சொல்லிவிடுகிறேன். மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் வாரத்தில், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில், கொசு கடித்த மாதிரி சிவந்த திட்டும் நடுவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு சின்னப் புள்ளியும் வரும். முகம், நெஞ்சு, முதுகு, கை கால் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும், காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் காணாது. உள்ளங்கை உள்ளங்காலில் வராது. எரித்திமா டாக்ஸிகம் என்று டாக்டர்கள் சீட்டில் எழுதுவார்கள், சில வீடுகளில் செவ்வாப்பு என்றும் சில வீடுகளில் கரப்பான் என்றும் சொல்லிக்கொள்வார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும், மருந்தே கிடையாது. மூக்கிலும் தாடையிலும் வரும் ரவை போன்ற வெள்ளைப் புள்ளிகளும் அப்படித்தான். இறுக்கச் சுற்றி வைத்த பிள்ளைக்குக் கழுத்திலும் முதுகிலும் வரும் வேர்க்குருவுக்குத் துணியைத் தளர்த்தி காற்றுப்பட வைத்தால் போதும். இடுப்பிலும் பின்பக்கத்திலும் நீலமாகத் தெரியும் திட்டு நம் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே சகஜம், அடிபட்ட தழும்பு என்று பிரசவம் பார்த்த நர்ஸைத் திட்ட வேண்டாம் (நானே வாங்கிக் கட்டியிருக்கிறேன்). இவை எதிலும் பிள்ளை பிள்ளையாகவே இருக்கும். பால் குடிக்கும், அழும், உறங்கும், நனைக்கும்.

சரி, போனில் என்ன கேட்பது?

பால் எப்படிக் குடிக்கிறது என்று கேளுங்கள். பச்சப்பிள்ளை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். வழக்கமாக நன்றாக இழுக்கிற பிள்ளை இன்றைக்குக் காம்பைப் பிடிக்க மாட்டேன் என்கிறது, இரண்டு இழுப்பில் விட்டுவிடுகிறது, எழுப்பினாலும் எழும்பவில்லை என்றால் தடிப்பு எப்படி இருந்தாலும் சரி, இன்றைக்கே ஆஸ்பத்திரி. "நல்லா உறங்குது, தொந்தரவே இல்லை" என்று பெரியவர்கள் சந்தோஷமாகச் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பால் நேரம் தாண்டியும் துவண்டு கிடக்கிற பிள்ளையைத்தான் சில நேரம் அப்படிச் சொல்வார்கள். மூத்திரம் போவதையும் கேளுங்கள், ஒரு வாரம் ஆன பிள்ளை என்றால் நாளைக்கு ஆறு தடவையாவது துணி நனைய வேண்டும்.

அடுத்தது சூடு. தொட்டுப் பார்த்துச் சொல்வதை நம்ப முடியாது, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் விற்றுவிடுங்கள், கிரீமை விட அது உருப்படியான வியாபாரம். கக்கத்தில் வைத்துப் பார்த்து 99.5 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 37.5 செல்சியஸ் காட்டினால், சுற்றிய துணியைத் தளர்த்திக் கொஞ்ச நேரத்தில் மறுபடி பார்க்கலாம், அப்போதும் குறையவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான். 100.4, அதாவது 38 செல்சியஸ் காட்டினால் அந்தக் கொஞ்ச நேரமும் வேண்டாம். மூன்று மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கு இந்தச் சூடு வந்தால் ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், அதற்கு ரத்தம் எடுக்க வேண்டும், ஊசி மருந்து வேண்டியிருக்கும், இதெல்லாம் கவுன்டரில் நடக்காது. பலருக்குத் தெரியாத இன்னொன்று, பச்சப்பிள்ளைக்குக் கிருமி ஏறினால் உடம்பு சில நேரம் சுடாது, குளிர்ந்துபோகும். 35.5 செல்சியஸுக்குக் கீழே போனாலும் அதே அவசரம்தான். தயவுசெய்து அந்த வயதுப் பிள்ளைக்கு பாராசிட்டமால் சொட்டு மருந்தை நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். சூடு இறங்கிவிடும், வீட்டுக்காரர்கள் படுத்து உறங்கிவிடுவார்கள், கிருமி உறங்காது.

மூச்சையும் கேளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க எண்ணச் சொல்லுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு தடவை எண்ண வேண்டும், மறுபடியும் அப்படியே வந்தால் உடனே போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகுவது, உதடு நீலமாவது, கை கால் வெட்டி இழுப்பது எல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிற விஷயமே இல்லை, 108.

இதெல்லாம் சரியாக இருந்தும் தடிப்பே ஆபத்தைச் சொல்கிற சில நேரங்கள் உண்டு. அங்கே போட்டோவும் உதவும்.

சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், அழுத்தினால் மறையாதவை. ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கத்தைப் புள்ளிமேல் மெதுவாக அழுத்தி அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணச் சிவப்பு வெளுத்துப்போகும், தோலுக்கடியில் ரத்தம் கசிந்த புள்ளி அப்படியே நிற்கும். நம்ம நிறத்துக்கு இது லேசில் தெரியாது, புத்தகத்துப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. கறுத்த பிள்ளை என்றால் உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உள்பக்கம், கீழ் இமையின் உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தண்ணீர் கோத்த சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வருவது. பச்சப்பிள்ளைக்கு இது ஹெர்பிஸ் என்கிற வைரஸ் தொற்றாக இருக்கலாம், உதட்டில் புண் இருக்கிற பெரியவர்கள் முத்தம் கொடுத்தாலே தொற்றும், மூளை வரைக்கும் போகக்கூடியது. இதற்கு அசைக்ளோவிர் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், அதே பேரில் உங்கள் அலமாரியில் இருக்கிற கிரீமால் ஒன்றும் ஆகாது. ஊரில் இதை அக்கி என்று சொல்லி காவி எழுதக் கொண்டுபோவார்கள். பெரியவர்களுக்கு எழுதட்டும், பத்து நாள் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் போவதே அதிகம். அம்மை விஷயமும் இதையொட்டியதுதான். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்பு வரைக்குள் தாய்க்குச் சின்னம்மை வந்திருந்தால், பிள்ளை உடம்பில் ஒன்றுமே இல்லை என்றாலும் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வேப்பிலை கட்டட்டும், யாரும் தடுக்கவில்லை, ஆனால் போனும் போடட்டும்.

சீழ் வைத்த கொப்புளம் ஒன்றிரண்டு என்றாலும் அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். பத்தோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஒரு பெரிய கட்டி என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய விஷயம் என்றுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். வெந்நீர் பட்ட மாதிரித் தோல் உரிந்து வந்தாலும், தொப்புளைச் சுற்றி சிவப்பு படர்ந்து நாற்றமும் சீழும் வந்தாலும் அப்படியே. தொப்புளில் தூவ பவுடர் கேட்டு வருகிறவரிடம் அந்தச் சிவப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

மஞ்சள் நிறம் (காமாலை) தடிப்பில் சேராது, இருந்தாலும் விட முடியவில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், எப்போதாக இருந்தாலும் உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளானாலும் உடனே போக வேண்டும். நம்ம வீடுகளில் பிள்ளைக்கு மஞ்சளும் தைலமும் பூசிக் குளிப்பாட்டுவதால் இது கண்ணுக்கே படாமல் போகிறது. பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியைப் பிள்ளைக்கு உடுத்தக் கூடாது என்பதையும் நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள், ரத்தத்தில் ஜி6பிடி என்கிற நொதி குறைவாக உள்ள பிள்ளைக்கு அந்த வாடையே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும்.

இனி அந்த ட்யூப். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் சேர்த்து அடைத்த கிரீம் எது எது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018-இல் மத்திய அரசு இந்த ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்தது, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள். பச்சப்பிள்ளையின் தோல் மெல்லிசு, எடைக்கு நம்மை விட அதிகத் தோல், அதன்மேல் டயப்பரும் மூடிக் கிடந்தால் தடவியது உள்ளே இறங்கும், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டையே அமர்த்திவிடும் அளவுக்கு. அதைவிட எனக்குப் பெரிய கவலை, தடவியதும் சிவப்பு மங்கிவிடும். அப்புறம் பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோனாலும் அவர் பார்ப்பது மங்கிய தடிப்பைத்தான். பூசுகிற டால்கம் பவுடரும் வேண்டாம், மூச்சில் போகும். கற்பூரம் கலந்த தைலம், பாம் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது, வலிப்பு வரவைக்கும். கிரீம் இல்லாமல் ஆளை அனுப்பினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பீர்கள். போவார்தான். அதனால்தான் ஒரு கடைக்குத் தனியாக எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகிற முறை இருக்கிறதே என்று கேட்கலாம். 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் கணக்கு வைத்து வருவார்கள், நல்ல ஏற்பாடு. தடிப்பு அந்த நாள் பார்த்து வருவதில்லை.

எங்கே அனுப்புவது என்பதையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் பச்சிளம் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நீரோடி, கொல்லங்கோடு பக்கத்துக்காரர்கள் பலர் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கே நேராகப் போவது வழக்கம், போகட்டும், பக்கம் எதுவோ அது. பேச்சிப்பாறைக்கு மேலே இருக்கிற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து ஆள் வந்திருந்தால், திரும்பிப் போய்ப் பிள்ளையைத் தூக்கி இறங்க ஆகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள், அங்கே "காலையில பாப்போம்" என்பதன் விலை அதிகம். அவசரமா இல்லையா என்று இருவருக்குமே பிடிபடவில்லை என்றால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அடித்துக் கேட்கலாம். செலவை நினைத்துத் தயங்குகிறவரிடம், அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை பிள்ளைக்குச் சிகிச்சை இலவசம், 108-க்கும் காசு இல்லை என்று உரக்கவே சொல்லுங்கள்.

போகும்போது பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைத்து மூடிக்கொண்டு போகட்டும், குடிக்கிற பிள்ளை என்றால் வழியிலும் பால் கொடுக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டையும் அட்டையையும் எடுக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வீட்டில் ஏதாவது தடவியிருந்தால் அந்த ட்யூபையும் தைலக் குப்பியையும் கையோடு கொண்டுபோகட்டும், டாக்டர் கேட்காமல் விட மாட்டார்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்து ஓய்வுபெற்ற நர்ஸ்