பெங்கால் என்றொரு சின்னக் கப்பல்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்துவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் குனியக் கூடாது, படிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பதில் தாமதம். இப்போது நன்றாகத் தெரிகிறது. உன் பேத்திக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன்பு ஒரு கப்பலைப் பற்றி நிறையப் படித்தேன். படுத்திருந்த நாளெல்லாம் அதே நினைப்பு. பெங்கால் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவின் கடற்படையான ராயல் இந்தியன் நேவிக்காக, ஆஸ்திரேலியாவில் கார்வெட் என்கிற சிறு போர்க்கப்பல்கள் நான்கு கட்டினார்கள். பஞ்சாப், பம்பாய், மெட்ராஸ், பெங்கால். சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் போவதும் கண்ணிவெடி அகற்றுவதும்தான் அவற்றின் வேலை. பெங்கால் மொத்தமே 57 மீட்டர் நீளம். கட்டுப் பிரித்த மறுநாள் எங்கள் தெருவில் அதை நடந்து பார்த்தேன். பிள்ளையார் கோயில் வாசலில் ஆரம்பித்து எண்பது காலடி வைத்தால் டீக்கடை வந்துவிடுகிறது. கப்பல் அவ்வளவுதான்.

1942 ஆகஸ்டில் சிட்னியில் பணியில் சேர்ந்த புத்தம் புதுக் கப்பல் அது. நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியத் துறைமுகமான ஃப்ரீமேன்டிலிலிருந்து கிளம்பி ஊருக்கு வருகிற வழியில், ஒன்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்கு, அதாவது டேங்கருக்கு, துணையாக இந்தியப் பெருங்கடலில் இருக்கிற டியாகோ கார்சியா தீவு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 11ஆம் தேதி, கொகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடுக்கடலில், இரண்டு பெரிய கப்பல்கள் எதிரே வந்தன. ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. பயணிகள் கப்பலாகக் கட்டத் தொடங்கி, ஜப்பானியக் கடற்படை பீரங்கி வைத்துச் சரக்குக் கப்பல்களை வேட்டையாட அனுப்பியவை. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல், 14 சென்டிமீட்டர் வாய் அகலமுள்ள பீரங்கிகளோடு.

பெங்காலில் இருந்தது ஒரே ஒரு பன்னிரண்டு பவுண்டர் பீரங்கி. அதன் குண்டு 5 கிலோ அரிசிப் பையைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை. எதிரியின் குண்டு ஒன்று 38 கிலோ, சிமெண்ட் மூட்டையில் முக்கால்வாசி. வேகத்திலும் ஈடில்லை. பெங்கால் 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்), அவர்கள் 20 நாட்டுக்கு மேல்.

கேப்டன் வில்சன் டேங்கரைத் தனியே விலகிப் போகச் சொல்லிவிட்டு, சுக்கானைத் திருப்பி நேராக ஹோகோகு மாருவை நோக்கிப் போனார். இதை நினைக்கிற போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது, சேகர். ஒன்டினாவும் சும்மா ஓடவில்லை. அதன் பின்பக்கத்தில் நான்கு அங்குலப் பீரங்கி ஒன்று, முப்பத்திரண்டு குண்டுகளோடு இருந்தது. இரண்டு பேருமாகச் சுட்டதில் ஹோகோகு மாரு தீப்பிடித்து, வெடித்து, கடலில் மூழ்கியே போனது!

யாருடைய குண்டு பட்டது என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. ஒன்டினாவின் குண்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் பெங்கால் அப்படிப் பாய்ந்து எதிரியின் பார்வையைத் தன் பக்கம் இழுக்காவிட்டால், டேங்கரின் பீரங்கிக்காரர்களுக்கு நிதானமாகக் குறிபார்க்க நேரம் ஏது?

குண்டு தீரும் நிலையில் பெங்கால் விலகியது. ஒன்டினாவின் குண்டுகளும் தீர்ந்தன. அதன் கேப்டன் ஹோர்ஸ்மன் கொல்லப்பட்டார். மாலுமிகள் படகில் இறங்கினார்கள். ஐகோகு மாரு டேங்கர் மீது டார்பிடோ விட்டு, படகிலிருந்தவர்களையும் எந்திரத் துப்பாக்கியால் சுட்டது. பிறகு தன் கூட்டாளிக் கப்பலின் ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. டேங்கர் சாய்ந்தது, மூழ்கவில்லை. மிச்சமிருந்த டச்சு, சீன மாலுமிகள் திரும்ப ஏறி, தீயணைத்து, எஞ்சினைக் கிளப்பி, ஒரு வாரத்தில் ஃப்ரீமேன்டில் போய்ச் சேர்ந்தார்கள். பெங்காலோ ஒன்டினா மூழ்கிவிட்டது என்ற நினைப்போடுதான் டியாகோ கார்சியா போய்ச் சேர்ந்தது. ஒன்டினா தப்பிய செய்தி அந்தப் பையன்களின் காதுக்கு எட்டிய கணத்தை நினைத்துப் பார்.

அந்த இந்திய மாலுமிகளை இங்கே யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். பிரிட்டிஷ் கொடியின் கீழ் சண்டையிட்டதால் இருக்கலாம். ஆனால் 1946இல் பம்பாயில் பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்து நின்றதும் இதே கடற்படையின் மாலுமிகள்தானே? பெங்கால் சுதந்திர இந்தியாவிலும் பணியாற்றி 1960இல்தான் உடைபட்டது. ஒரு பலகையாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

நீ இருபது வருஷம் டேங்கரில் எஞ்சினியராக இருந்தவன், அதனால் உன்னிடம்தான் கேட்க வேண்டும். டார்பிடோ பட்டுச் சாய்ந்து நிற்கிற கப்பலில், எஞ்சின் நின்ற பிறகு ஏறினால் முதலில் எதைப் பார்ப்பார்கள்? சாய்வை நிமிர்த்துவதா, எஞ்சினைக் கிளப்புவதா? விவரமாக எழுது. இப்போது எவ்வளவு நீளமாக எழுதினாலும் என்னால் படிக்க முடியும்.

அன்புடன்,
முருகேசன்