மேற்குச் சுவர் காயட்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோவும் குறைந்திருக்கிறது. நீ, மருமகன், பேரன் மூவரின் சுகமும் அறிய ஆவல்.

தை மாதம் குழந்தையோடு வருகிறாய், அதற்குள் உன் அறையைத் திருத்த மூன்று இலட்சம் அனுப்புகிறேன் என்றாய். அவ்வளவு வேண்டாம் பிள்ளை. ஒன்றரை இலட்சம் போதும். மீதியை டிக்கெட்டுக்கு வைத்துக்கொள். தொலைபேசியில் சொன்னால் என்னைப் பேசவிடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

உன் படங்களில் இருப்பதுபோல் டைல்ஸிலும் நிறத்திலும் தொடங்கினால் காசு கரைந்துவிடும். அந்த மேற்குச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது அல்லவா? இரண்டு தரம் பெயின்ற் அடித்தோம். ஒரு மாரிக்கு மேல் நிற்கவில்லை. போன கிழமை வெளிப்பக்கத்தை மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். அம்மாவின் செவ்வரத்தைப் பாத்திக்கு வருடா வருடம் மண்ணும் எருவும் போட்டதில், வெளிநிலம் அறைத் தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் சுவருக்குள் இறங்குகிறது. பாத்தியை வேலியோரம் மாற்ற அம்மா ஒத்துக்கொண்டுவிட்டார். மண்ணை நானே வெட்டி எடுக்கிறேன், அதற்குச் செலவில்லை. சோளகக் காற்று அந்தச் சுவரில் நேரே அடிக்கிறது. ஆடி முடியுமுன் காய்ந்துவிடும்.

பிறகு அறை முழுவதும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். பொக்கென்று கேட்ட இடமெல்லாம் கரியால் வட்டம் போட்டேன். மேற்குச் சுவர் முழுக்க வட்டம், மற்ற மூன்றிலும் ஒன்றுகூட இல்லை. 2013இல் வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கட்டங்கட்டமாக வந்தபோது, இந்த அறைக்கு வருமுன் கை வெறுமையாகிவிட்டது. கடைசிச் சுவரின் பூச்சுக்குச் சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டினோம். அது இன்றுவரை என் மனதை உறுத்துகிறது. இந்தத் தரம் ஒன்றுக்கு ஐந்து என்று அளந்து, மணலை அரித்துத்தான் போடுவேன். பத்தடிக்கு ஒன்பதடிச் சுவருக்கு 50 கிலோச் சீமெந்துப் பை ஒன்றே காணும்.

பூசுமுன் வயரிங் குழாயைச் சுவருக்குள் பதித்துவிட வேண்டும். பூசிய பிறகு வெட்டினால் கூலி இரண்டு மடங்கு. சீலிங் கட்டாயம் வேண்டும், ஓட்டு வெக்கை குழந்தைக்கு ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒழுகும் கூரைக்குக் கீழே பலகை அடித்தால் அது ஊறித் தொங்கும். மூன்று ஓடு வெடித்திருக்கிறது. கைமரம் ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வைரம் பாய்ந்த பனங்கைமரம் போடுகிறேன். இவ்வளவும் முடிந்து காசு மிஞ்சினால் இந்த வருடமே சீலிங்.

தரைக்கு டைல்ஸ் வேண்டாம், சிவப்புச் சீமெந்து இழைப்போம். பாட்டி வீட்டு விறாந்தையில் மத்தியானம் வெறும் மேலோடு படுப்பாயே, அந்தக் குளிர்ச்சி உன் பிள்ளைக்கும் கிடைக்கட்டும்.

குறைகிற காசுக்குக் கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் கடன் எடுக்கலாம் என்று அம்மா ஒருநாள் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். தவணைக்காரன் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வயலுக்குள் ஒளித்திருந்த பெண்களை இந்த ஊரில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு அறைக்காக உன் அம்மாவை அந்த நிலைக்கு விடமாட்டேன்.

நெல் வெட்டு முடிந்ததும் ஆவணியில் மேசன் வருவார். பூச்சுக்கு ஒரு கிழமை நான் தண்ணீர் விடவேண்டும், அதன்பின் நான்கு கிழமை காயவேண்டும். ஐப்பசி மழைக்கு முன் பெயின்ற் அடித்துவிடலாம். யன்னலுக்கு நுளம்பு வலை அடிக்கத் தச்சரிடம் சொல்லிவிட்டேன்.

ஒன்று மட்டும் உடனே எழுது. பேரன் ஏணையில் படுப்பானா, கட்டிலிலா? ஏணை என்றால் புதுக் கைமரம் ஏற்றும்போதே அதைத் தாங்க ஒரு குறுக்கு வளை மரத்தையும் சேர்த்து வைத்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா