துளசிக்கு, பிரெண்டா ஃபிரிக்கரைப் பற்றி

அன்புள்ள மகள் துளசிக்கு,

போனில் உன் குரல் சரியாக இல்லை. ரீவித் தொடரில் வேடம் கிடைத்த சந்தோசம் உன்னிடம் கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. "திரும்பவும் நேர்ஸ்தானம்மா. இரண்டு காட்சி, நாலு வசனம். நேர்ஸ், பக்கத்து வீட்டு அன்ரி, ஆருடையவோ அம்மா, இப்படியே என்ர காலம் போயிடும்" என்றாய். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் ஆறுதலாகச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

பிரெண்டா ஃபிரிக்கரை உனக்குத் தெரியும். பேர் ஞாபகம் வராவிட்டாலும் முகம் தெரியும். நத்தார் லீவில் நீயும் தம்பியும் விடாமல் பார்த்த 'ஹோம் அலோன் 2' படத்தில், சென்ட்ரல் பார்க்கில் தலையிலும் தோளிலும் புறாக்கள் இருக்க நிற்பாரே, அவர்தான். அந்தப் படம் 1992-ல் வந்தது. அதற்கு இரண்டு வருசம் முன்பே அவர் ஒஸ்கார் வாங்கிவிட்டார். அயர்லாந்தில் பிறந்து அந்த விருதை வாங்கிய முதல் நடிகை அவர்.

அதற்கு முந்திய கதையைத்தான் நீ கேட்க வேண்டும். 1945-ல் டப்ளினில் பிறந்தவர். பத்திரிகைக்காரியாக வேண்டும் என்பதுதான் ஆசை. 'ஐரிஷ் டைம்ஸ்' பத்திரிகையில் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தவர் தற்செயலாகத்தான் நடிப்புக்குள் வந்தார். முதல் படம் 1964-ல். அதில் பேர்கூடப் போடவில்லை. பிறகு லண்டன் மேடை நாடகங்கள், ரீவியில் துண்டு வேடங்கள். 1977-ல் 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் ஒரு குழந்தை பிறக்கும் நேரத்தில் வரும் நேர்ஸ் அவர்தான். ஆம், நேர்ஸ். 1982-ல் 'த போல்ரூம் ஒஃப் ரொமான்ஸ்' என்ற ரீவிப் படத்தில் கதாநாயகியே அவர். அயர்லாந்துக் கிராமம் ஒன்றில், கால் இழந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் நடன மண்டபத்துக்குப் போய் வரும், வயது போய்க்கொண்டிருக்கும் ஒரு பெண். அப்படி ஒரு பெண்ணைக் கதையின் நடுவில் வைப்பதே அன்றைக்கு அபூர்வம்.

1986-ல் பிபிசியில் 'கஷுவல்ட்டி' தொடங்கியது. ஒரு ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு, இரவு டியூட்டி. அதில் மேகன் ரோச் என்ற ஐரிஷ் நேர்ஸாக முதல் நாளிலிருந்தே ஃபிரிக்கர் இருந்தார். நானும் அந்த நேரம் இரவு வேலைதான். லீவு கிடைத்த நாளில் அப்பா பக்கத்தில் இருந்து கேள்வி கேட்பார், "இப்படித்தானோ உங்கட வார்ட்டும்?" என்று. பல விசயம் அப்படியில்லை. ஆனால் மேகன் அப்படித்தான். எங்கள் வார்ட்டிலும் ஐரிஷ் நேர்ஸ்மார் நிறையப் பேர். கரீபியனிலிருந்து வந்தவர்கள், எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்தவர்கள், நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் அந்த ஆஸ்பத்திரிகளின் இரவுகளைச் சுமந்தோம். டொக்டர் ஓடுவார், கத்துவார், கமரா அவர் பின்னால் போகும். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பது மேகன். தன் வசனம் முடிந்த பிறகும் ஃபிரிக்கரின் கண் நோயாளியை விட்டுப் போகாது. உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்தத் தொடரில் இருந்த காலத்தில்தான் 'மை லெஃப்ட் ஃபுட்' படத்தில் நடித்தார். ஜிம் ஷெரிடனின் முதல் படம் அது, 1989. பெருமூளை வாதத்தோடு பிறந்து, இடது காலால் எழுதவும் வரையவும் செய்த டப்ளின்காரர் கிறிஸ்டி பிரவுனின் கதை. கிறிஸ்டியாக டானியல் டே-லூயிஸ். உலகமே அவரைத்தான் பார்த்தது, பார்க்க வேண்டியதும்தான். நீ இந்த முறை அம்மாவை மட்டும் பார். நிறைமாத வயிற்றோடு மகனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். ஒரு வார்த்தை இல்லை, மூச்சு மட்டும்தான். அதில் இந்தப் படியை அவர் தினமும் ஏறுகிறார் என்பது தெரிகிறது, இன்றைக்கு முடியவில்லை என்பதும் தெரிகிறது. பிறகு ஒரு காட்சி. மகன் மனம் உடைந்து கிடக்கிறான். அம்மா ஒன்றும் சொல்லாமல் பின்வளவுக்குப் போய், அவனுக்கு ஒரு அறை கட்ட ஆரம்பிக்கிறார், தனியாக, தன் கையால். கணவன் கொத்து வேலைக்காரன். பார்த்துக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை, மகன்மாரோடு வந்து கல் அடுக்குகிறான். 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்ல அப்பா இதைவிடக் கிட்ட வரமாட்டார் என்று அம்மா கிறிஸ்டியிடம் சொல்கிறார். ஃபிரிக்கர் அதில் உருக்கம் எதுவும் கலக்கவில்லை. வீட்டு நிலவரம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்குத் தொண்டை அடைத்தது.

1990 மார்ச்சில் துணை நடிகைக்கான ஒஸ்கார். அந்த வருசப் பட்டியலில் ஜூலியா ரொபர்ட்ஸும் இருந்தார். மேடையில் நின்று, 22 பிள்ளைகள் பெற்ற கிறிஸ்டியின் அம்மாவுக்கே இந்த விருது பொருந்தும் என்றார் ஃபிரிக்கர்.

அதே வருசம் வந்த 'த ஃபீல்ட்' படம் உனக்குக் கட்டாயம் வேண்டியது. ரிச்சர்ட் ஹரிஸ் நிலவெறி பிடித்த கிழவன். அவர் மனைவியாக ஃபிரிக்கர். மகன் ஒருவன் செத்த பிறகு ஆண்டுக்கணக்காகக் கணவனோடு கதைக்காதவள். நாலு வசனம் குறைவு என்கிறாயே, இதில் அதுவும் கிட்டத்தட்ட இல்லை. ஹரிஸ் வீடு அதிரக் கத்துவார். ஃபிரிக்கர் அடுப்படியில் தன் வேலையைப் பார்ப்பார். அந்த மனுசன் வீட்டுக்குள் எவ்வளவு தனியாக இருக்கிறான் என்பதை நாங்கள் அவளுடைய முதுகைப் பார்த்தே விளங்கிக்கொள்கிறோம்.

ஹொலிவூட் அவரை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம், அதை நான் மறைக்கப் போவதில்லை. திரும்பத் திரும்ப ஆருடையவோ அம்மா, வக்கீலின் செயலாளர் என்றுதான் கொடுத்தார்கள். ஆகவே உன் கோபம் நியாயமானது. நல்ல பெரிய வேடம் கேட்பதை நீ நிறுத்தவே கூடாது. 2011-ல் 'கிளவ்ட்பர்ஸ்ட்' என்ற கனடாப் படத்தில், ஒலிம்பியா டுகாகிஸோடு, கல்யாணம் கட்டப் புறப்படும் இரண்டு வயோதிபப் பெண்களில் ஒருத்தியாக, கண் தெரியாதவளாக நடித்தபோது அவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அதற்கு முந்தின வருசம் மேகன் இறந்துபோகும் கதைக்காக 'கஷுவல்ட்டி'க்கும் திரும்பி வந்தார். 2022-ல்கூட 'ஹோல்டிங்' தொடரில் நடித்தார்.

சரி, இனி உன்னுடைய நேர்ஸுக்கு வருவோம். கதையில் அவளுக்குப் பேர் இல்லை என்றாய். நீ ஒன்று வை. எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தாள், சாப்பிட்டாளா, கால் நோகிறதா என்று உனக்குத் தெரிய வேண்டும். மணிக்கூட்டைச் சட்டையில் தலைகீழாகக் குத்து, நீ குனிந்து பார்க்கும்போது அது உனக்கு நேராகத் தெரியும். நாடி பார்க்கும்போது பெருவிரலை வைக்காதே, அதில் உன்னுடைய நாடியே துடிக்கும். சுட்டுவிரலும் நடுவிரலும்தான். எண்ணி முடிந்தாலும் கையை எடுக்காதே. நோயாளி நீ இன்னும் நாடி பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீ நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அவர் உன் வசனத்துக்குப் பதில் சொல்லும்போதுகூட உன் கண் அவர் நெஞ்சில்தான் இருக்க வேண்டும். படப்பிடிப்புக்கு முதல் ஒரு நாள் வந்து போ, என் கையில் பிடித்துப் பழகலாம்.

அன்புடன்,
அம்மா