சேவல் கணக்கை அடை வைக்கும்போதே போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் கோழி வளர்ப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். கூடு, தீவனம், தடுப்பூசி எல்லாம் விளக்கமாகவே இருந்தது. சேவலுக்கு மட்டும் "இரண்டு மூன்று இருந்தால் நல்லது" என்று ஒரே வரி. அந்த வரியை நம்பித்தான் நாங்களும் ஒரு காலத்தில் மூன்று சேவல் வைத்திருந்தோம், அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அடை வைத்ததில் 11 குஞ்சு பொரித்தது, அதில் 6 சேவல். மூன்றைக் கொடுத்துவிட்டோம். மீதி மூன்றும் பார்க்க அவ்வளவு அழகு, மனசு வராமல் 7 பெட்டைகளோடு சேர்த்தே விட்டுவிட்டோம். ஐந்து மாதம் ஆகி அவை கூவ ஆரம்பித்த கொஞ்ச நாளில், ஒரு பெட்டை மட்டும் கூட்டை விட்டு இறங்காமல் மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. அடைக்கு உட்காருகிறது என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் தூக்கிப் பார்க்கிறேன், முதுகில் இறகே இல்லை, ஒடிந்துபோன காம்புகள் மட்டும் உள்ளங்கையில் குத்துகின்றன. இறக்கையைத் தூக்கினால் விலாவில் விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிகிறது. மிதிக்க ஏறும் சேவலின் கால் முள் கிழித்த காயம். மூன்று சேவலுக்கும் அந்த ஒரு பெட்டைதான் பிடித்திருந்தது போல. அது கத்தக்கூட இல்லை, கையில் அப்படியே கிடந்தது.

உப்புத் தண்ணீரில் கழுவி, ஈ மொய்க்காத இடத்தில் தனியாக வைத்துப் பார்த்தோம், காயம் ஆறிவிட்டது. இறகுதான் வரவில்லை. வேரோடு பிடுங்கிய இறகு என்றால் சீக்கிரம் முளைத்துவிடும், ஒடிந்த இறகின் காம்பு உள்ளேயே இருப்பதால் அடுத்த இறகு உதிர்ப்பு வரைக்கும் புது இறகு வராது. அதுவரை அந்த வெறும் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டையாவது வேண்டும். கொல்லையில் ஐந்தாறு கோழி வைத்திருப்பவருக்கு ஒரு சேவலே அதிகம்தான். சேவல் இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும், குஞ்சு வேண்டும் என்றால் மட்டும் சேவல் வேண்டும். இதைத் தெரியாமலே எத்தனையோ பேர் முட்டைக்காகச் சேவல் வாங்குகிறார்கள். குஞ்சுக்குக்கூட அது எப்போதும் கூடவே இருக்கத் தேவையில்லை, சேவலைப் பிரித்த பிறகும் ஒரு வாரம் பத்து நாளுக்குக் கருக்கூடிய முட்டை வரும்.

சேவலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல சேவல் இரை கண்டால் தான் தின்னாமல் கொத்திக் கொத்திப் போட்டு, குக்குக்கென்று பெட்டைகளைக் கூப்பிடும். மேலே பருந்து வந்தால் ஒரு குரல், தரையில் நாயோ பூனையோ வந்தால் வேறு குரல். அந்தக் குரலைக் கேட்டு என் பெட்டைகள் செடிக்கடியில் ஓடி ஒளிந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இந்தக் கூவல். அக்கம்பக்கத்தில் சண்டை வருவதே இதனால்தான். கூட்டை இருட்டாக மூடினால் கூவாது என்பார்கள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் சிம்முராவும் யோஷிமுராவும் 2013-ல் சோதித்துக் காட்டிவிட்டார்கள், நாள் முழுக்க மங்கலான வெளிச்சத்திலேயே வைத்திருந்தபோதும் சேவல்கள் விடியும் நேரம் கணக்காகக் கூவின. நேரம் அதன் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. 2015-ல் வந்த ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. கூட்டத்தில் மற்றவற்றை அடக்கி வைத்திருக்கும் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசையாகப் பின்னால் கூவும், அந்தத் தலைமைச் சேவலை எடுத்துவிட்டால் அடுத்தது முதல் குரல் கொடுக்கும். ஆகவே சத்தம் அதிகம் என்று அந்த ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டால் தீராது.

கூடுதல் சேவலைக் கறிக்கு எடுப்பதா, கொடுத்துவிடுவதா என்பது அவரவர் முடிவு. எதுவானாலும் குஞ்சில் பாதி சேவலாகத்தான் இருக்கும் என்று அடை வைக்கும் அன்றே யோசித்துவிட வேண்டும். நாங்கள் யோசிக்கவில்லை. கடைசியில் இரண்டை, பெட்டைகள் கண்ணில் படாத பக்கம் தனிக் கூட்டில் விட்டோம். பெட்டை இல்லாத இடத்தில் சேவல்கள் பெரும்பாலும் அடித்துக்கொள்வதில்லை, எங்களுடையவை இரண்டும் ஒரே கம்பில் ஒட்டி உட்கார்ந்து தூங்குகின்றன.

பெட்டைகளோடு இருக்கும் சேவலுக்கும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முள்ளின் நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள், உள்ளே எலும்பும் ரத்தமும் இருக்கிறது, ஒட்ட வெட்டக்கூடாது. அடுத்தது தீவனம். முட்டைக் கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 4 சதவீதம் வரை இருக்கும், சேவலுக்கு 1 சதவீதமே போதும், கூடுதலாகத் தின்றுகொண்டே இருந்தால் சிறுநீரகம் கெடும். எல்லாவற்றுக்கும் வளர் கோழித் தீவனம் போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் பெட்டைகள் வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

அடுத்த முறை அடை வைப்பது பற்றி எழுதும்போது, அதே பக்கத்தில் இந்த எட்டுக்கு ஒன்று கணக்கையும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி