ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். கொல்லையில் முருங்கை முறிந்துவிட்டது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

உனக்கு அறுவை சிகிச்சை முடிந்து நேற்றோடு 11 வாரம். தொலைபேசியில் "பரவாயில்லை" என்ற ஒரே சொல்லோடு வைத்துவிடுகிறாய். கழுத்தின் முன்பக்கம் கீறி, ஐந்தாம் எலும்புக்கும் ஆறாம் எலும்புக்கும் நடுவே பிதுங்கியிருந்த டிஸ்க் என்ற வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிறு கூண்டு வைத்துத் தகடு பூட்டியிருப்பதை மருத்துவர் படத்தில் காட்டினார். நாற்காலி வேலைக்காரர் 4 முதல் 6 வாரத்தில் போய்விடுவார், பாரம் தூக்குகிறவருக்கு 3 மாதமோ அதற்கு மேலோ ஆகும் என்றார். லேத்துப் பட்டறை இரண்டாவது வகை. ஆகையால் நீ இன்னும் போகாததில் எனக்குக் குறையில்லை. "எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது சுவரைப் பார்த்தபடி "தெரியவில்லை" என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

31 ஆண்டுகள் பஸ் டிப்போவில் மருத்துவ விடுப்புப் பதிவேட்டை எழுதியவன் நான். ஸ்கேன் பார்க்கத் தெரியாது. ஆனால் கழுத்து, இடுப்பு என்று விடுப்பில் போன ஓட்டுநர்களில் யார் திரும்புவார் என்பதைப் பதிவேட்டைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆப்பரேஷனுக்கு முந்தைய வாரம் வரை ஸ்டியரிங் பிடித்தவர் பெரும்பாலும் வந்துவிட்டார். மாதக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு ஆப்பரேஷனுக்குப் போனவர், எலும்பு நன்றாகக் கூடிய பின்னும் மாற்றுப் பணி கேட்டு நின்றார், அல்லது வரவேயில்லை. "பொங்கல் கழித்து வருகிறேன் சார்" என்று நாள் சொன்னவர், நாள் தவறினாலும் வந்தார். உன் மருத்துவரும் ஆப்பரேஷனுக்கு முன் எடுத்த விடுப்பு, வேலையின் பாரம், மனச்சோர்வு, முடியும் என்ற எண்ணம் ஆகியவற்றைக் கொண்டே கணிப்பதாகச் சொன்னார்.

முதலாளியிடம் முதலில் லகுவான வேலை கேள். உன் கைப்பக்குவம் அவருக்குத் தெரியும். புகைத்தால் எலும்பு கூடத் தாமதமாகுமாம். யாரையும் மனத்தில் வைத்து இதை எழுதவில்லை. லகுவான வேலை கேட்பதில் வெட்கப்படாதே.

சென்ற ஆவணியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்து, அளவெடுக்கும் மைக்ரோமீட்டர் கைநழுவி விழுந்தது என்று நீ சொன்னபோது, அது வாயு என்று சொல்லி எண்ணெய் நீவ அழைத்துப்போனவன் நான். கழுத்தில் கத்தி வைத்தால் கைகால் விழுந்துவிடும் என்று ஐந்து மாதம் உன்னை நிறுத்திவைத்தேன். பயந்தவன் நீ அல்ல. பட்டறைக்கு விடுப்புக் கடிதங்களையும் நானே எழுதிக் கொடுத்தேன். பிறர் பெயருக்கு நேரே அத்தனை மாதங்களைக் கண்டால் "இவர் வரமாட்டார்" என்று சக ஊழியர்களிடம் சொல்லி வந்தவன், உன் பெயருக்கு நேரே அதை என் கையாலேயே சேர்த்துவிட்டேன்.

என் கணக்கு உன் விஷயத்தில் பொய்யாக வேண்டும். நம் விலாசம் எழுதிய தபாலட்டை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வைகாசியோ ஆனியோ, ஒரு தேதியை மட்டும் எழுதிப் போடு.

இப்படிக்கு,
அப்பா