வலைக்கும் சுவருக்கும் ஒரே நோட்டீஸா, செக்ரட்டரி சார்?

அன்புள்ள செக்ரட்டரி சார்,

வணக்கம். நம் அடுக்குமாடிச் சங்கத்தின் பெயரில் லிஃப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டிய நோட்டீஸைப் படித்தேன். அனுமதியில்லாமல் பால்கனியில் செய்த மாற்றங்களை எல்லாம் பதினைந்து நாளில் அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இணைப்பைத் துண்டிப்போம் என்கிறீர்கள். பட்டியலில் முதல் மாடிப் பாட்டி கட்டிய புறா வலையும் இருக்கிறது, மூன்றாம் மாடியில் எழும்பும் செங்கல் சுவரும் இருக்கிறது. இரண்டும் ஒரே குற்றமா சார்?

வலையைக் கழற்ற ஒரு கத்திரிக்கோல் போதும். மூன்றாம் மாடி கதை வேறு. நம் பால்கனிகளுக்கு முன்பக்கம் தூண் கிடையாது. கட்டடத்திலிருந்து கையை நீட்டியது மாதிரி நிற்கின்றன. ஆட்கள் கூடி நின்றாலும் தாங்க வேண்டும் என்று, வீட்டுப் பால்கனிக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பாரம் கணக்கில் எடுக்கச் சொல்கிறது ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதி. மூன்றாம் மாடிக்காரரோ கம்பிக் கைப்பிடியை எடுத்துவிட்டு ஏழடி உயரத்துக்கு நாலரை அங்குலச் சுவர் வைக்கிறார். பூச்சோடு சேர்த்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கே அரை டன் வரும். அதுவும் விளிம்பில், பாரம் எங்கே இருக்கவே கூடாதோ அங்கே. ஆட்கள் நின்றுவிட்டுப் போய்விடுவார்கள், சுவர் போகாது.

இன்னொன்று. அறைக்குள் கான்கிரீட் தளத்தின் நடுவில் முக்கியக் கம்பி அடிப்பக்கம் ஓடும். இப்படி நீட்டிய பால்கனியில் அது மேல்பக்கம் ஓடுகிறது. பழைய டைல்ஸைப் பெயர்க்கிறேன் என்று மேஸ்திரி ஆழமாகக் கொத்தினால், அடி விழுவது அந்தக் கம்பிக்குப் பக்கத்தில்தான். தளத்தை உயர்த்தி அறையோடு சமமாக்கியதில் தண்ணீர் வடியும் வாட்டமும் போயிற்று, மழைநீர்க் குழாயின் வாயும் மூடிக்கொண்டது. ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இரண்டாம் மாடி பால்கனியின் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். துருக் கறை பழுப்பாக இறங்கி, ஓரத்தில் பூச்சு உப்பிக்கொண்டு நிற்கிறது.

இது 'என் வீடு, என் இஷ்டம்' சமாச்சாரம் இல்லை. 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 இருக்கிறது. 2024 மார்ச்சிலேயே அமலுக்கு வந்துவிட்டது. கட்டடத்தின் உறுதி எல்லோருக்கும் பொது. மூன்றாம் மாடிக்காரர் செய்வது பிளான் அப்ரூவல் இல்லாத வேலை. முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதை வைத்து அவருக்குத் தனியாகக் கடிதம் கொடுங்கள். கேட்காவிட்டால் திட்ட அனுமதி கொடுத்த அலுவலகம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. தண்ணீரை நிறுத்துவது மட்டும் வேண்டாம். சங்கம் கையில் எடுக்கக் கூடாத ஆயுதம் அது, கோர்ட்டில் நம் தலையில்தான் விடியும்.

மற்ற வீடுகள் ஏன் இப்படிச் செய்தன என்பதையும் யோசியுங்கள். புறா எச்சம், கொசு, தவழும் குழந்தை, சாய்ந்தடிக்கும் மழை. கிரில் போடலாமா என்று கேட்டவர்களுக்குச் சங்கம் பதிலே சொல்லவில்லை; காத்திருந்து பார்த்து அவரவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வெள்ளை, ஒருவர் கறுப்பு, இன்னொருவர் (ஏனோ) தங்க நிறம். எலிவேஷன் (கட்டடத்தின் வெளித்தோற்றம்) கெட்டுப்போச்சு என்று இப்போது வருத்தப்பட்டு என்ன பயன்?

அடுத்த ஜெனரல் பாடி கூட்டத்தில் இதை அஜெண்டாவில் சேருங்கள்: கிரில்லுக்கு ஒரே டிசைன், ஒரே நிறம், ஆபத்துக்குத் திறக்கிற மாதிரி ஒரு கதவு; வலைக்கு அனுமதியே தேவையில்லை; சுவர், தளம், குழாய் எதைத் தொட்டாலும் இன்ஜினியர் கையெழுத்து. தீர்மானத்தை நானே எழுதித் தருகிறேன். அதுவரை பாட்டியின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் சார். நோட்டீஸைப் பார்த்ததிலிருந்து, குடங்களில் தண்ணீர் பிடித்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
இரண்டாம் மாடிக்காரன்