ஓபரானின் கொம்பு

அன்புள்ள மகளுக்கு,

ஜெர்மன் இசையமைப்பாளர் வெபரின் ‘ஓபரான்’ என்னும் ஓபராவின் (இசைநாடகத்தின்) முன்னிசையில் முதல் ஹார்ன் என்னும் கொம்பை வாசிக்கும் பொறுப்பு உனக்குக் கிடைத்திருப்பதாக நீ எழுதியதைப் படித்து மிகவும் பூரித்துப்போனேன். தொடக்கத்தில் தனித்து மெல்ல ஏறும் அந்த மூன்று சுரங்கள் யாரை அழைக்கின்றன என்பதை நீ அறிந்து வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஓபரான் என்றதும் ஷேக்ஸ்பியரையே பலரும் நினைக்கிறார்கள். ஆனால், அந்தத் தேவதை அரசன் 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வீரகாவியம் ஒன்றிலேயே தோன்றிவிட்டான். சார்லமேன் பேரரசரின் மகனைக் கொல்ல நேர்ந்த ஹுவோன் என்னும் இளைஞன், மன்னிப்புப் பெற வேண்டுமானால் பாபிலோனுக்குச் சென்று, அங்கே ஆள்பவனின் தாடி மயிரையும் கடைவாய்ப் பற்கள் நான்கையும் கொண்டுவர வேண்டும். வழியில் ஒரு காட்டில் அவன் ஓபரானைச் சந்திக்கிறான். மூன்றடி உயரமே உள்ள அந்த அரசனின் முகம் கோடைக் கதிரவனைப் போன்றது. ஜூலியஸ் சீசருக்கும் மோர்கன் என்னும் தேவதைக்கும் பிறந்த அவன், பிறந்தபோதே ஒரு தேவதை இட்ட சாபத்தால் வளராமல் நின்றுபோனவன். ஜெர்மானியக் கதைகளில் நிபெலுங் புதையலைக் காக்கும் குள்ளன் ஆல்பெரிஹின் பெயரோடு இவன் பெயரை அறிஞர்கள் இணைத்துப் பேசுகிறார்கள்.

ஓபரான் ஹுவோனுக்கு ஒரு கொம்பைக் கொடுக்கிறான். எவ்வளவு தொலைவிலிருந்து ஊதினாலும் அவன் படையோடு வந்து நிற்பான். ஆனால் தேவையின்றி ஊதக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. ஹுவோன் இரண்டையும் மீறுகிறான். பாபிலோனின் வாயிலில் தன் மதத்தை மறைத்து ஒரு பொய் சொல்ல, அந்தத் துணையையே இழந்து நிற்கிறான்.

1590களில் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் அந்த மாயக் கொம்பு இல்லை. இந்தியச் சிறுவன் ஒருவனுக்காக மனைவி டைட்டானியாவோடு சண்டையிட்டு, உறங்கும் அவள் கண்களில் பூச்சாற்றைப் பிழியும் கணவனாகவே ஓபரான் வருகிறான். அங்கே என் மனத்தைத் தொடுபவள் அச்சிறுவனின் தாய்தான். கருவுற்றிருந்த அவள் கடற்கரை மணலில் டைட்டானியாவோடு அமர்ந்து, காற்றில் வயிறு புடைக்கும் கப்பற்பாய்களைப் பார்த்துச் சிரித்து, அவற்றைப் போலவே மிதந்து நடந்து காட்டுவாள். பிறகு பிள்ளைப்பேற்றில் இறந்துபோவாள். என்றாலும், வாக்குத் தவறாத அந்தப் பழைய மூன்றடி அரசனே எனக்கு நெருக்கமானவன்.

கொம்பையும் ஹுவோனையும் 1780இல் வீலாண்ட் என்னும் கவிஞர் தம் ஜெர்மன் காவியத்தில் மீட்டெடுத்தார். அதுவே வெபரின் ஓபராவுக்கு அடிப்படை. காசநோய் முற்றிய நிலையில் லண்டனுக்கு வந்த வெபர், 1826 ஏப்ரல் 12 அன்று கோவென்ட் கார்டனில் அதைத் தாமே நடத்தினார்; ஜூன் 5 அன்று அந்நகரிலேயே இறந்தார். அப்போது அவருக்கு வயது 39. முன்னிசையின் தலைப்பிலேயே, எல்லாம் இயன்ற அளவு மென்மையாக ஒலிக்க வேண்டும் என்று குறித்திருக்கிறார். ஆகவே உரக்கத் தொடங்கிவிடாதே அம்மா. அழைக்கப்படுபவன் தொலைவிலிருந்தாலும் கேட்பவன்.

நேரம் கிடைத்தால், ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தை வைத்து 1960இல் பெஞ்சமின் பிரிட்டன் என்னும் இசையமைப்பாளர் எழுதிய ஓபராவையும் கேள். அதில் ஓபரானின் பாட்டைக் கவுன்ட்டர்டெனர் என்னும், பெண்குரல் அளவுக்கு உயர்ந்து பாடும் ஆண்குரலுக்கு எழுதியிருக்கிறார். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா